கூடு விட்டுக் கூடு பாய்ந்த கம்பிக் கூடை

திருகோணமலையில் இருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில், உப்புவெளி கழிந்ததும் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அதன் பக்கச் சுவருக்கு நான் இதுவரை ஐந்து தடவை பெயின்ற் அடித்திருக்கிறேன். முதலில் தேயிலை. பிறகு ஒரு சவர்க்காரம். அதன்மேல் ஒரு தொலைபேசிக் கம்பனி. பிறகு அந்தச் சவர்க்காரத்தோடு போட்டி போடும் இன்னொரு சவர்க்காரம். கடைசியாகப் பற்பசை. ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தால் ஐந்து நிறமும் அடுக்கடுக்காகத் தெரியும்.

கடைக்கார ஐயா ஒருநாள் கேட்டார்: “தம்பி, இந்த ரெண்டு சவுக்காரக்காரரும் ஆளுக்காள் அடிபடுற ஆக்கள். நீர் ரெண்டு பேருக்கும் வேலை செய்யுறீர். ஒண்டும் சொல்ல மாட்டாங்களோ?”

“அவங்கட ஒஃபிஸ் வேற ஐயா, இவங்கட ஒஃபிஸ் வேற” என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு ஒஃபிசும் கடைசியில் ஒரே முதலாளியிடம் போய்ச் சேருகின்றன என்பது தெரியவர இன்னும் சில வருடம் பிடித்தது. தெரியாமல் இருந்ததற்கு நான் கட்டிய விலையைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா மத்திய வீதிக் கடைகளுக்குத் தூரிகையால் பெயர்ப்பலகை எழுதியவர். அவருக்கு வேலை தந்தவர் கடை முதலாளி, காசு தந்தவரும் அவரேதான். சந்தேகத்துக்கு இடமில்லை. என்னுடைய காலம் அப்படி இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதுவரை பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏறிக் கடலைக் கடந்த சாமான் லொறிகள் நேரே ஓடத் தொடங்கின. அடுத்த இரண்டு வருடத்தில் மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதியிலும் பாலங்கள் வந்துவிட்டன. கொழும்புக் கம்பனிகளுக்கு எங்கள் சுவர்கள் எல்லாம் வெள்ளைத் தாளாகத் தெரிந்தன. அப்பாவின் தூரிகைகளையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளையும் வைத்துக்கொண்டு நான் இறங்கினேன். முதல் ஓடர் நாற்பது கடைச் சுவர்.

அந்த ஓடர் என்னிடம் வந்த வழியைப் பாருங்கள். பொருளைச் செய்யும் கம்பனி கொழும்பில் ஒரு விளம்பர ஏஜென்சியிடம் வேலையைக் கொடுத்தது. ஏஜென்சி ‘அக்டிவேஷன்’, அதாவது ஊருக்குள் இறங்கி விளம்பர வேலை செய்யும் இன்னொரு கம்பனியிடம் கொடுத்தது. அவர்கள் கிழக்கு மாகாணத்துக்கு என்று ஒருவரைப் பிடித்தார்கள். அவர் என்னைப் பிடித்தார். நான் கிண்ணியாவில் இருந்து ஒரு நானாவையும் அவருடைய இரண்டு பெடியன்களையும் பிடித்தேன். சுவரில் தூரிகை வைத்தது அவர்கள். ஒரு சதுர அடிக்கு மேலே என்ன விலை பேசப்பட்டது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரவில் நித்திரை வந்திராது.

மேலே இருந்து வரும் தமிழைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை பெனருக்கு வந்த டிசைனில் ‘தள்ளுபடி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. இங்கே நாங்கள் சொல்வது கழிவு, விலைக்கழிவு. கடைக்காரர் ஒருவர் வாசித்துவிட்டு, “கோட்டில வழக்கைத்தானே தள்ளுபடி செய்யுறது, சாமானையுமோ?” என்றார். இன்னொருமுறை எழுத்தெல்லாம் உடைந்து, ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக வந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோட் என்று நினைத்துத் திறப்பதும், தமிழை ஒழுங்காகக் காட்டாத மென்பொருளில் ஒட்டுவதும்தான் வழமையான காரணம். இப்போது நான் பிரின்ட்டுக்குக் கொடுக்குமுன் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்வேன். அதையும் வாசித்து, பிழை இருந்தால் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, “சரி” என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் மெஷினில் போடுவேன். கொழும்பில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிழையோடு பெனர் தொங்கினால் குற்றவாளி பிரின்ட் அடித்தவன்தான்.

சரி, முதலாளி விசயத்துக்கு வருவோம். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்கு ஆட்களும் சாமானும் ஒழுங்கு செய்து கொடுக்கப் போயிருந்தேன். கொழும்பு ஏஜென்சியில் இருந்து வந்த ஒரு பெடியன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதைத்தான். நான் இரண்டு சவர்க்காரக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “அண்ணா, மேல போனா எல்லாம் ஒண்டுதான். லண்டனில ஒரு ஹோல்டிங் கம்பனி. அது முதல்ல கடைக்குச் சாமான் வாங்கப் போற கம்பிக் கூடை செய்த கம்பனி” என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் உண்மை.

கம்பனியின் பெயர் டபிள்யூ.பி.பி. விரித்தால் ‘வயர் அண்ட் பிளாஸ்டிக் புரொடக்ட்ஸ்’, அதாவது கம்பி, பிளாஸ்டிக் சாமான்கள். இங்கிலாந்தில் 1971 இல் தொடங்கியது. கூடை செய்து விற்றுக்கொண்டு பேசாமல் இருந்த அந்தக் கம்பனியில் 1985 இல் மார்ட்டின் சொரல் என்பவர் பங்கு வாங்கினார். அவர் விளம்பரம் எழுதியவரோ படம் வரைந்தவரோ அல்ல. சாச்சி அண்ட் சாச்சி என்ற பெரிய விளம்பரக் கம்பனியில் நிதிப் பொறுப்பாளராக இருந்தவர். பங்குச் சந்தையில் ஏற்கெனவே பதிந்த ஒரு சின்னக் கம்பனி கையில் இருந்தால், அதன் பெயரில் பங்கு வெளியிட்டும் கடன் எடுத்தும் மற்றக் கம்பனிகளை வாங்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கோதுதான். கூடை அல்ல. கூடு விட்டுக் கூடு பாய்வது என்று கதைகளில் படித்ததைக் கம்பனிச் சட்டத்துக்குள் செய்து காட்டினார்.

இரண்டே வருடத்தில், 1987 இல், ஜே. வோல்டர் தொம்சன் ஏஜென்சியின் குழுமத்தை 566 மில்லியன் டொலருக்கு வாங்கினார். 1864 இல் தொடங்கிய, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பனி. அவர்கள் விரும்பி விற்கவும் இல்லை. வாங்கிய பிறகு பார்த்தால் டோக்கியோவில் அவர்களுக்குச் சொந்தமாகப் பெறுமதியான ஒரு கட்டடம் இருந்தது. அதை விற்று, தான் வாங்கியிருந்த கடனில் ஒரு பகுதியை அடைத்தார். 1989 இல் ஓகில்வி குழுமம், 860 மில்லியன் டொலருக்கு மேல். அதன் நிறுவுநர் டேவிட் ஓகில்வி முதலில் சொரலை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு அவரையே டபிள்யூ.பி.பி.யின் தலைவர் கதிரையில் இருத்தினார்கள், இருந்தார். எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களை ஞாபகப்படுத்தியது எனக்கு.

இப்படிக் கடனில் வாங்கியதில் 1990களின் தொடக்கத்தில் டபிள்யூ.பி.பி. மூழ்கப் பார்த்தது. கடன் கொடுத்த வங்கிகள் கடனில் ஒரு பகுதிக்குப் பங்கை எடுத்துக்கொண்டுதான் அதை மிதக்க விட்டன. மீண்ட பிறகும் வாங்குவது நிற்கவில்லை. 2000 இல் யங் அண்ட் ரூபிகம் ஏறத்தாழ 4.7 பில்லியன் டொலருக்கு, 2005 இல் கிரே. சொரல் 33 வருடம் இருந்து 2018 ஏப்ரலில் விலகினார். அப்போது கம்பனியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள்.

என் இரண்டு சவர்க்காரத்துக்கு விடை இதற்குள் இருக்கிறது. யூனிலீவர் ஜே. வோல்டர் தொம்சனிடமும் ஓகில்வியிடமும் நீண்டகால வாடிக்கையாளர். கொல்கேட் யங் அண்ட் ரூபிகமிடம். புரொக்டர் அண்ட் காம்பிள் கிரேயிடம். கடைத் தட்டில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் மூன்று கம்பனிகளின் விளம்பரக் காசும் ஒரே தாய்க் கம்பனிக்குப் போனது. இதற்காகத்தான் ஹோல்டிங் கம்பனி என்ற ஒழுங்கே வந்தது. அமெரிக்காவில் மக்கான்-எரிக்சன் ஏஜென்சியை நடத்திய மேரியன் ஹார்ப்பர் என்பவர் கண்டுபிடித்த வழி அது. ஒரு ஏஜென்சி ஒரு கார்க் கம்பனியை எடுத்தால் இன்னொரு கார்க் கம்பனி அந்தப் படியை மிதிக்காது. அப்படியானால் வளர்வது எப்படி? மேலே ஒரு தாய்க் கம்பனி, கீழே பெயர் வேறு, கட்டடம் வேறு, ஆட்கள் வேறாக இரண்டு ஏஜென்சி. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. 1961 இல் அதற்கு இன்டர்பப்ளிக் என்று பெயர் வைத்தார். கம்பனி பெரிதாக, அவர் கை நீண்டுபோய், சொந்த விமானம்வரை போய், 1967 இல் அவரை அவர் தொடங்கிய கம்பனியில் இருந்தே வெளியேற்றினார்கள். வழி மட்டும் நிலைத்துவிட்டது. 1986 இல் ஒம்னிகொம் மூன்று ஏஜென்சிகள் சேர்ந்து வந்தது. பிரான்சில் 1926 இல் தொடங்கிய பப்ளிசிஸும் இந்த வழிக்கே வந்தது.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். தாய்க் கம்பனி ஒரு வரி விளம்பரம்கூட எழுதுவதில்லை. கணக்கு, கடன், கட்டட வாடகை, கொம்பியூட்டர், எந்த ஏஜென்சி எத்தனை வீதம் இலாபம் காட்ட வேண்டும் என்ற கெடுபிடி, இவைதான் அங்கே வேலை. ஒரு சின்ன ஏஜென்சியை வாங்கும்போது முழுக் காசையும் அன்றே எண்ணிக் கொடுப்பது குறைவு. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த சில வருட இலாபத்தைப் பார்த்துத் தருவார்கள். பசுவை வாங்கிவிட்டு, கறக்கிற பாலைப் பார்த்து மிச்சக் காசு தருகிறேன் என்பது போல. பழைய முதலாளி கயிறு இல்லாமலே கட்டப்பட்டிருப்பார்.

பெரிய காசு இருக்கும் இடம் விளம்பரம் எழுதுவதில் இல்லை, விளம்பரத்துக்கு இடமும் நேரமும் வாங்குவதில். முந்தி ஏஜென்சிக்குப் பத்திரிகையே 15 வீதக் கமிஷன் கொடுத்து வந்தது. பிறகு வாங்குகிற வேலையைத் தனியாகப் பிரித்து, எல்லா வாடிக்கையாளரின் காசையும் ஒன்றாகத் திரட்டி மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். டபிள்யூ.பி.பி.யின் அந்தப் பிரிவுக்கு 2025 வரை குரூப்எம் என்று பெயர். வருடத்துக்கு 60 பில்லியன் டொலர் அளவுக்கு விளம்பரக் காசு அதன் கையால் போய்க்கொண்டிருந்தது. இப்படி வாங்கும்போது தொலைக்காட்சிகளும் இணையத் தளங்களும் ஏஜென்சிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் கழிவு விளம்பரக்காரருக்குத் தெரிவதில்லை என்று 2016 இல் அமெரிக்க விளம்பரதாரர் சங்கம் செய்வித்த விசாரணை சொன்னது. ஏஜென்சிகள் மறுத்தன. நான் இதை வாசித்துவிட்டு, பெயின்ற் கடை முதலாளி எனக்குத் தரும் ‘சின்னக் கவனிப்பை’ நினைத்துக்கொண்டேன். அளவுதான் வித்தியாசம் போல.

ஹார்ப்பரின் இரண்டு அடுப்பு வித்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு சவர்க்காரத்துக்குக் கிண்ணியா நானா குழு, மற்றதற்கு நகரத்துப் பெடியன்கள். வட்ஸப் குழுவும் தனித்தனி. முந்தி ஒரே குழுவில் எல்லா டிசைனையும் போட்டு, வெளிவராத ஒரு பக்கெற்றின் படம் எதிரிக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி கைக்குப் போய், நான் கெஞ்சித் தப்பியதும் உண்டு.

இனி அந்தக் காசுக் கதை. 2018 கடைசியில் உலகம் முழுக்க ஏஜென்சிப் பெயர்களை ஒன்றோடொன்று ஒட்டும் காலம் தொடங்கியது. ஜே. வோல்டர் தொம்சனே வுன்டர்மனோடு சேர்ந்து வுன்டர்மன் தொம்சன் ஆனது. 2024 தொடக்கத்தில் அதுவும் வி.எம்.எல். என்ற பெயருக்குள் கரைந்தது. கிட்டத்தட்ட 160 வருடப் பழைய ஏஜென்சி. அந்தச் சூட்டில் கொழும்பிலும் பலகைகள் மாறின. அப்படிப் பெயர் மாறிய ஒரு இடத்தில் இருந்துதான், நான் பெயர் சொல்ல விரும்பாத இடைக் கம்பனி ஒன்றின் வழியாக, எனக்கு அறுபது சுவர் வேலை வந்தது. 2019 தொடக்கம். எல்லாம் தொலைபேசியிலும் வட்ஸப்பிலும். “பி.ஓ. பிறகு அனுப்புறம் அண்ணா, நீங்க தொடங்குங்கோ.” பி.ஓ. என்றால் வேலையை எழுத்தில் உறுதிப்படுத்தும் ஓடர் தாள். அது இல்லாமலே தொடங்கினேன். சாம்பல்தீவில் இருந்து குச்சவெளிவரை, மற்றப் பக்கம் தம்பலகாமம்வரை. முடித்து 4 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவுக்குப் பில் போட்டேன்.

பில் திரும்பி வந்தது. பழைய பெயரில் போட்டிருக்கிறேனாம். புதுப் பெயரில் போட்டேன். திரும்பவும் வந்தது. வேலை கொடுத்தது பழைய பெயரில் என்பதால், புதுப் பெயரின் கணக்கில் அப்படி ஒரு வேலையே இல்லையாம். இடைக் கம்பனியைக் கேட்டால், ஏஜென்சி தந்தால்தான் தாங்கள் தரலாம் என்றார்கள். ஏஜென்சிக்காரர், பொருள் கம்பனி தந்தால்தான் என்றார். பொருள் கம்பனிக்கு நான் யார் என்றே தெரியாது. இப்படி ஒவ்வொரு படியிலும் தொண்ணூறு நாள். இதற்குள் ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. நாடே உறைந்து போனது. விளம்பரங்களை நிறுத்தினார்கள். அந்த இடைக் கம்பனி கதவை மூடியது. தொலைபேசியும் வேலை செய்யவில்லை.

நானாவுக்கும் பெடியன்களுக்கும் கூலி கொடுக்க மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். பெயின்ற் கடைக் கடன் அடைய ஒரு வருடம். கடைசியில் ஏஜென்சியில் ஒரு நல்ல மனுசி, தன் மேலதிகாரியோடு சண்டை பிடித்து, பாதிக் காசுக்குக் காசோலை எடுத்துத் தந்தார். மீதி வரவே இல்லை. சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவர் முதல் கேட்ட கேள்வி: “யாருடைய பெயரில் வழக்குப் போடுறது?” என்னிடம் பதில் இல்லை. கையில் இருந்தது அறுபது சுவர்ப் படமும் ஒரு பெடியனின் குரல் பதிவும்.

அந்தக் கேள்விதான் இப்போது என் முதல் கேள்வி. யாராவது கூப்பிட்டு வேலை சொன்னால், சுவர் எத்தனை, நிறம் என்ன என்று கேட்பதற்கு முன், கம்பனிப் பதிவில் உள்ள சரியான பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேட்பேன். வாசல் பலகையில் உள்ள வெளிநாட்டுப் பெயர் அல்ல. அந்தப் பெயர் பல இடங்களில் பாவிக்க அனுமதி வாங்கிய பெயர் மட்டும்தான். லண்டன்காரருக்கு இங்கே முழுப் பங்கு இருக்கலாம், கொஞ்சம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் உறவு மட்டும் இருக்கலாம். உங்கள் பில்லுக்குப் பொறுப்பு கொழும்பில் பதிந்த கம்பனிக்குத்தான். பெயர் பெரிது என்று மலைத்து முற்பணம் கேட்காமல் விட்டதுதான் நான் செய்த மடைத்தனம்.

பி.ஓ. கையில் வராமல் தூரிகை நனைவதில்லை. பாதிக் காசு முன்னுக்கு. அது பெயின்றுக்கும் கூலிக்கும் போதும், மிச்சம் வராவிட்டாலும் சங்கிலி கழுத்தில் இருக்கும். ‘வாடிக்கையாளர் தந்த பின் தரப்படும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் வெட்டிவிட்டு, பில் கொடுத்த நாளில் இருந்து இத்தனை நாள் என்று எழுதச் சொல்வேன். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களில் பாதிப் பேர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசித்தால், அந்த வேலை வராததே எனக்கு நல்லதுதான். சுவர்க்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு சுவருக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, திகதியோடு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பிரதான வீதிக்கரை என்றால் அனுமதி எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவேன். வரி பிடித்துக்கொண்டு காசு தந்தால், பிடித்ததற்கு அத்தாட்சிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வருட முடிவில் கணக்குக் கொடுக்கும்போது அது காசு. பலர் கேட்பதே இல்லை.

மேலே என்ன நடக்கிறது என்பதிலும் இப்போது ஒரு கண் வைத்திருக்கிறேன். 2013 இல் பப்ளிசிஸும் ஒம்னிகொமும் சேரப் போகிறோம் என்று அறிவித்து, அடுத்த வருடமே பிரிந்தன. அது நடக்கவில்லை. ஆனால் 2025 நவம்பரில் ஒம்னிகொம் இன்டர்பப்ளிக்கை வாங்கி முடித்தது. ஹார்ப்பர் தொடங்கியது, போட்டிக் கம்பனிக்குள் போய்விட்டது. டி.டி.பி., எஃப்.சி.பி. போன்ற பழைய ஏஜென்சிப் பெயர்களையும் மூட்டை கட்டுகிறார்கள். டபிள்யூ.பி.பி. கிட்டத்தட்ட முப்பது வருடம் இருந்த லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் பட்டியலில் இருந்து 2025 டிசம்பரில் இறங்கியது. இதெல்லாம் பொருளாதாரப் பக்கச் செய்தி. எனக்கு இது, எந்தப் பில் எந்தப் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டிய நாள்.

போன கிழமை ஒரு தங்கச்சி கொழும்பில் இருந்து கூப்பிட்டார். இருபது சுவர், அவசரம். வழமையான கேள்வியைக் கேட்டேன்.

“கம்பனிப் பேர் அடுத்த மாதம் மாறுது அண்ணா. புதுப் பேர் வந்தபிறகு பி.ஓ. தாறம். நீங்க தொடங்குங்கோவன்.”

“அப்ப இண்டைக்கு இருக்கிற பேரில தாங்கோ தங்கச்சி. பாதிக் காசும் இண்டைக்கு இருக்கிற கணக்கில இருந்து வரட்டும்.”

கொஞ்சம் பேசாமல் இருந்தார். “கேட்டுச் சொல்லுறன் அண்ணா” என்று வைத்தார்.

பட்டியலில் முதல் சுவர் உப்புவெளிப் பலசரக்குக் கடை. நானாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, பின்னேரம் கூப்பிட்டார். “தம்பி, இந்த முறை என்ன கலர்?”

“இன்னும் காசு வரேல்ல நானா. கலர் பிறகு பாப்பம்.”

“அப்ப சும்மா இருக்கிறதுக்குப் பழசையெண்டாலும் சுரண்டி வைக்கட்டே?”

“பி.ஓ. வரட்டும்” என்றேன். சுரண்டுவதற்கும் கூலி இருக்கிறது.